“இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை?”

(புனேயில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மல்யுத்த வீராங்கனைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சில தம்பிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாம் பிழைக்க வந்த மராட்டிய மண் மல்யுத்த மண். இந்தப் புனேயின் பழைய பேட்டைகளில் தாலீம்கள் இன்னும் இருக்கின்றன. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கஷாபா ஜாதவ், கராடு பக்கத்துக் கிராமத்துக்காரர்தான். ஆனால் நான் பேச வந்தது மல்யுத்தப் பிடிகளைப் பற்றி அல்ல. ஒரு கேள்வியைப் பற்றி.

2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக 2012 முதல் இருந்தவர் பிரிஜ் பூஷண் சரண் சிங். ஆறு முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் வீராங்கனைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்பது புகார். அவர் மறுத்தார், இன்றுவரை மறுத்தே வந்திருக்கிறார். மேரி கோம் தலைமையில் அரசு குழு அமைத்தது. வீரர்கள் எழுந்து போனார்கள். ஏப்ரல் 23இல் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். ஏழு பெண்கள் போலீசில் புகார் கொடுத்தும் வழக்குப் பதியவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், ஏப்ரல் 28இல், பதிந்தார்கள். உலக மேடையில் பதக்கம் வாங்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால், அட்டைப்பெட்டி ஒட்டும் நம் வீட்டுப் பெண்ணின் புகாரை எந்தச் சௌக்கியில் எழுதிக்கொள்வார்கள்?

ஊர் என்ன சொன்னது? அதுதான் இன்றைய பேச்சு. விவசாயச் சங்கங்கள் வந்து பக்கத்தில் நின்றன. 1983 உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் வீரர்கள் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த பெரிய கிரிக்கெட் நட்சத்திரங்களில் பலர் வாயைத் திறக்கவில்லை. ஒலிம்பிக் சங்கத் தலைவி பி.டி. உஷா, தெருவில் உட்காருவது ஒழுங்கீனம் என்றார். சில நாள் கழித்து நேரில் போய்ப் பார்த்தார். மே 28இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தவர்களைப் போலீசார் இழுத்துக்கொண்டு போனார்கள். வண்டிக்குள் அவர்கள் சிரிப்பது போல ஒரு படம் ஊரெங்கும் சுற்றியது. அந்தச் சிரிப்பு ஒட்டவைத்த சிரிப்பு. உண்மைப் படத்தில் சிரிப்பே இல்லை. பொய்ப்படத்தை நம்பியவர்கள் நம் லைன்களிலும் இருந்தார்கள்.

அப்போது தேநீர்க் கடைகளில் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது? எந்தச் சாதிக்காரர்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக: “இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை?”

அந்தக் கேள்விக்கு நம்மைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் யார்? நாளைக்கு வேலை உண்டா என்பது முகாதம் வாயில் இருக்கிறது. ஹாஜர் போடுவது அவர், ஓவர்டைம் கொடுப்பது அவர், ஊருக்குப் போக லீவு தருவது அவர். அவர் கை தவறான இடத்தில் பட்டால் அன்றே கூச்சல் போடுகிறோமா? வீட்டு வாடகையை எண்ணிப் பார்க்கிறோம். அங்கேயும் அதே கதைதான். முகாமுக்கு யார், வெளிநாட்டுப் போட்டிக்கு யார், யாருக்குத் தடை என்பதெல்லாம் கூட்டமைப்பின் கையில். பத்து வயதிலிருந்து உடம்பை வளர்த்த பெண்ணுக்கு அந்த ஒரே வாசல்தான். வாசலில் நிற்பவரைப் பற்றியே புகார் என்றால் எங்கே போய்ச் சொல்வாள்?

இந்தக் கேள்வி நேற்றுப் பிறந்ததும் அல்ல. 1972இல் இதே மராட்டியத்தில், அன்றைய சந்திரபூர் மாவட்டத்து தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், கூலி வேலை செய்த ஒரு ஆதிவாசிச் சிறுமிக்குக் கொடுமை நடந்தது. மதுரா வழக்கு என்பார்கள். உடம்பில் காயம் இல்லையே என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு போலீஸ்காரர்களும் விடுதலையானார்கள். 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நால்வரில் ஒருவரான வசுதா தாகம்வார் நம் புனேக்காரர். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் மாறியது. அன்று “காயம் எங்கே?” இன்று “தேதி ஏன் இவ்வளவு தள்ளி?” கேட்பவர்கள் மட்டும் மாறவில்லை.

வழக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வயது குறைந்த பெண் தொடர்பான போக்சோ வழக்கை, போலீசாரின் அறிக்கையை ஏற்று நீதிமன்றம் 2025 மே மாதம் முடித்தது. “பார்த்தாயா, எல்லாமே பொய்” என்று சிலர் துள்ளினார்கள். மற்றப் பெண்களின் வழக்கு தனி வழக்கு. அதில் 2024 மே மாதமே குற்றச்சாட்டுகள் பதிவாகின. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிபதி சொல்லட்டும். புகாரை வாங்கவே வீதியில் உட்கார வேண்டியிருந்ததே, அது பொய்யா?

இடையில் 2023 டிசம்பரில் கூட்டமைப்புக்குத் தேர்தல் நடந்து அவருக்கு வேண்டியவரே வென்றார். சாக்ஷி அழுதுகொண்டே விளையாட்டை விட்டார். அடுத்த ஆகஸ்டில் பாரிசில் 100 கிராம் எடை கூடி வினேஷ் இறுதிப் போட்டியை இழந்தபோது, முந்தின வருடம் அவரை ஏசிய வாய்களும் உச்சுக் கொட்டின. நம் ஜனங்களின் இரக்கம் பதக்கத்துக்குத்தான் சீக்கிரம் சுரக்கிறது!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிகள் வகுத்தது. அதைச் சட்டமாக்கப் பதினாறு வருடம் ஆயிற்று, 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். விளையாட்டு அரங்கமும் பயிற்சி முகாமும் பணியிடமே என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் மல்யுத்தக் கூட்டமைப்பில் முறையான குழு இல்லை என்று அரசின் குழுவே கண்டது.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடமா? வீட்டு வேலையா? முதலாளி மேலேயே புகாரா? இந்த மூன்றுக்கும் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. நகரில் வார்டுதோறும் புகார் வாங்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது அவர்கள் கடமை. இந்த மூன்று மாதக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயந்தவளுக்குக் காலண்டர் தெரியாது. ஆனாலும் இன்று சட்டம் அதுதான்.

சென்ற ஆண்டு நம் லைனில் ஒரு பெண், பேக்கிங் கூடத்தில் சூப்பர்வைசர் தொல்லை தாங்காமல் வேலையை விட்டாள். “ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்று முதலில் கேட்டவர் அவள் மாமியார். இரண்டாவது, அவள் புருஷன். மூன்றாவதாக ஒருவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா. அவர் கூட்டிக்கொண்டு வந்ததால்தான் விஷயம் சங்கத்துக்கே வந்தது. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து மராத்தியில் மனு எழுதினோம். கலெக்டர் அலுவலகத்துக்கு அந்த அக்காவும் கூடவே நடந்தார்.

செயற்குழுவிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வார்டு அதிகாரியின் பெயரும் உள்ளூர்க் குழுவின் முகவரியும் தமிழில் எழுதி நம் தகவல் பலகையில் மாட்ட வேண்டும். மனு எழுதவும் கூடப் போகவும் இரண்டு பெண்களை இன்றே நியமிக்க வேண்டும். அந்த அக்கா தயார் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் யார்? கை தூக்குங்கள், தலைவர் எழுதிக்கொள்வார்.