பட்டியலில் விடுபட்ட எண்



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. நானோ ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்துள்ளேன், பொறுத்தருள்க. அவ்வெண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

முதலில் சிறிய எண்ணொன்றைக் காண்போம். 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்குச் சிறிய எண்கள் அனைத்தையும் விட மிகுதியான காரணிகளை உடையதை மிகுபகு எண் என்பர். நம் முன்னோர் ஒரு நாளைப் பகுத்த 60 நாழிகையும் அத்தகைய எண்ணே. அதற்குக் காரணிகள் 12.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் 1915ஆம் ஆண்டு இத்தகைய எண்களை ஆராய்ந்து இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவருக்கு, இவ்வாய்வைக் கருதியே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் வழங்கியது. அவரும் வறுமையில் வாடியவரே. ஆனால், பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பள்ளி வாசல் திறந்திருந்தது; நம் பாட்டனார்க்கு அது திறக்கவில்லை. இதையும் சொல்லாமல் அவரைப் போற்றுவது என் மனத்துக்கு ஒவ்வாது.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 102 மிகுபகு எண்களை அவர் பட்டியலிட்டார். அதில் ஓர் எண் விடுபட்டது. அதுவே நான் முதலிற்கூறிய எண்! அதைப் பகாஎண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இருமுறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஆறு முறை வரும் 2ஐ ஒன்றுகூட எடுக்காமலோ, ஒன்று முதல் ஆறு வரையோ எடுக்கலாம். ஆகவே ஏழு வழிகள். மற்றவற்றுக்கும் இவ்வாறே கண்டு, 7×5×3×3×2×2×2×2 எனப் பெருக்கினால் 5,040 காரணிகள்.

இப்பிழைக்காக இராமானுசனை எவரும் இகழ்ந்ததில்லை; இகழவும் கூடாது. எட்டாம் வகுப்பில் நான் வகுத்தல் கணக்கொன்றில் ஒரு சுழியத்தை விட்டுவிட்டேன். “உங்கள் தெருவுக்குக் கணக்கு எதற்கடா?” என்றார் ஆசிரியர் ஒருவர். விடுபட்டது ஒரு சுழியம். பழியோ தெரு முழுவதன் மீதும் விழுந்தது. அன்று முதல் கணக்குக்கு அஞ்சி, வரலாறு பயின்றே பி.ஏ. தேறினேன். ஐம்பதைக் கடந்த பின், மாணவி ஒருத்தி கொணர்ந்த நூலில் இவ்வெண்ணைக் கண்டேன். அன்றிரவு உணவையும் மறந்து பகுத்துப் பார்த்தேன்; விடை சரியாக வந்தது. தோழர்களே, நாற்பதாண்டு அச்சம் அந்த ஒரு தாளில் தீர்ந்தது.

இன்னும் ஒன்று. விடுபட்ட எண்ணை அடுத்த பகாஎண்ணாகிய 23ஆல் பெருக்கினால், காரணிகள் இருமடங்காகி 10,080 ஆகும். பெருக்கி வரும் தொகைதான் இராமானுசன் பட்டியலின் கடைசி எண். அதை நான் சொல்லப் போவதில்லை. கரும்பலகை இதோ இருக்கிறது, சுண்ணக்கட்டியும் இருக்கிறது. எழுந்து வருபவர் யார்?