கையெழுத்து இருக்கிறது, பெயர் இல்லை!

(தலைப்பு: 'ஓவியம் வரையும் கணினி: கலைக்கு வளர்ச்சியா? கலைஞருக்குச் சுரண்டலா?' 'சுரண்டலே' என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ஒரு வரி தட்டினால் போதும், பத்து வினாடியில் படம் வந்து விழுகிறது" என்றார். எங்க வீட்டுலயும் வந்து விழுந்தது ஐயா! 2025 மார்ச்சில் ஜப்பானின் கிப்லி பாணியில் படம் போட்டுக்கொள்ளும் மோகம் உலகமெல்லாம் பரவியதே, அப்போது என் மகள் என் புகைப்படத்தைக் கொடுத்து ஒரு படம் எடுத்தாள். வழுக்கை போய், தொப்பை போய், முகம் பளபளவென்று இருக்கிறது. என் மனைவி பார்த்தாள். "ஏங்க, இது நல்லா இருக்கே! இதையே வச்சுக்கிட்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றாள். (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பாணி எப்படிப் பிறந்தது? 2013-இல் அதே கிப்லி நிறுவனம் எடுத்த படத்தில், மக்கள் கூட்டமாகப் போகிற ஒரு காட்சி. திரையில் நான்கே வினாடி. அதை வரைந்து முடிக்க ஓர் ஓவியருக்கு ஆன காலம் ஒரு வருஷம் மூன்று மாதம்! நண்பர் பத்து வினாடிக் கணக்குச் சொன்னார். அந்தப் பத்து வினாடிக்குப் பின்னால் யாருடைய பதினைந்து மாதம் இருக்கிறது? அந்தக் கணக்கை அவர் சொல்லவில்லையே! (கைதட்டல்)

இந்த இயந்திரம் எப்படிக் கற்கிறது? தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வாசலில் ஒரு கோலம். அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைத் தூவிக் கலைக்கிறார்கள். "தூவினதை மட்டும் எடுத்துடு, பார்க்கலாம்" என்கிறார்கள். இப்படிக் கோடிக்கணக்கான முறை பழக்கினால், கடைசியில் வெறும் பொடிக் குவியலிலிருந்தே புதுக்கோலம் எடுக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகியது யார் வீட்டு வாசலில்?

2022-இல் வந்த 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' பழகியது, இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படங்களின் பட்டியலிலிருந்து எடுத்த ஒரு பகுதியில். வரைந்தவர்களைத் தேடிப்போய் யாராவது அனுமதி கேட்டார்களா? கேட்கவில்லை. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி. 'இவர் பாணியில் வரை' என்று எக்கச்சக்கமான பேர் அவர் பெயரைத் தட்டினார்கள். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்கின்றனவே என்று அவர் கவலைப்பட்டார். உழைப்பும் போய், பெயரும் போனால் மனுஷனுக்கு என்னய்யா மிச்சம்?

"மனிதனும் பார்த்துத்தானே கற்கிறான்" என்றார் நண்பர். ஏகலைவனையே துணைக்கு அழைத்தார். நல்லது. ஏகலைவன் துரோணரின் உருவத்தைப் பார்த்துத் தானே உழைத்துக் கற்றான். கட்டைவிரலையும் காணிக்கையாகக் கொடுத்தான். அங்கே விரலை இழந்தது சீடன். இங்கே சீடன் கற்றுக்கொண்டு, குருவின் கட்டைவிரலை அல்லவா வாங்கிக்கொண்டு போகிறான்! (பலத்த கைதட்டல்)

"வழக்கு என்னாச்சு?" என்பீர்கள். 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பதிப்புரிமைப் புகாரை விசாரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அனுமதித்தார். லண்டனில், கெட்டி இமேஜஸ் நிறுவனம் போட்ட வழக்கு 2025 நவம்பரில் பெரும்பாலும் கணினி நிறுவனத்துக்குச் சாதகமாகப் போனது. மறைக்கவில்லை நடுவர் அவர்களே. சட்டம் மெதுவாக வரும். நமக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே!

அந்த மனசாட்சி முன்னால் நானும் ஒரு குற்றவாளி. என் முதல் நான்கு புத்தகங்களுக்கும் ஒரே ஓவியர்தான் அட்டைப்படம் போட்டார். ஐந்தாவது புத்தகத்துக்குக் கணினியில் எடுத்த படம். "செலவில்லை சார்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். புத்தகத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டையின் மூலையையே பார்த்தார். அங்கே புழுப்போல ஒரு கிறுக்கல். ஓவியம் என்றால் மூலையில் ஏதோ இருக்கும் என்று ஆயிரமாயிரம் படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், அதையும் சேர்த்து வரைந்திருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. "ஐயா, கையெழுத்து இருக்கு. பேருதான் இல்ல" என்றார். அவ்வளவுதான். எனக்குக் குடித்த காபி உள்ளே இறங்கவில்லை. அடுத்த பதிப்புக்கு அவரிடமே போய் நின்றேன்.

கணினியை உடைக்கச் சொல்லவில்லை நடுவர் அவர்களே. கேட்பது மூன்றுதான். எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். எடுத்தால் பெயரைச் சொல்லுங்கள். சம்பாதித்தால் பங்கு கொடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை பறிக்கவே, "அக்கா, பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்கிற பண்பாடு நம்முடையது. ஆயுள் முழுக்க உழைத்த ஓவியரிடம் அந்த ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

கேட்காமல் எடுத்தது வளர்ச்சி ஆகாது, அது சுரண்டலே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)