‘ஷெட்யூல்டு’ என்னும் சொல்லைப் பிழையற எழுதுவோம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)



கெடிலக் கரையில் அமைந்த இத் திருவதிகை, மருணீக்கியார் என்பார் நாவுக்கரசர் என்னும் பெயர் பெற்ற ஊர். சொல்லாலே சிறந்த ஒருவரின் பெயரோடு கலந்துவிட்ட இவ்வூரில், ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம். அதுவும் ஓர் ஆங்கிலச் சொல். வெள்ளி விழா மேடைக்கு இதுவா பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். அச்சொல் வேறொன்றாயின் நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். ஆனால் அது நம்மைக் குறிக்க இந்நாட்டின் சட்டம் வழங்கும் சொல். ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ என்பதன் முற்பாதியாகிய ‘ஷெட்யூல்டு’ என்னும் பெயரடையே அது.

நம் இளைஞர்கள் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் தொழிற்பழகுநர் பயிற்சிக்கும், அரசுத் தேர்வுகளுக்கும், கல்வி உதவித்தொகைக்கும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கின்றனர். கணிப்பொறி வழியே அனுப்பும் விண்ணப்பங்களில் இச்சொல் அச்சிட்டபடியே வந்துவிடுகிறது. ஆயின் தன்விவரக் குறிப்பிலும், முறையீட்டுக் கடிதத்திலும், நேர்முகத் தேர்வுக்குமுன் கையால் நிரப்பும் படிவத்திலும் நாமே அதனை எழுதியாக வேண்டும். அங்கேதான் இடறுகிறோம். முதலில் வரவேண்டிய ‘சி’ விடுபடுகிறது. இறுதியில் நிற்கவேண்டிய ‘டி’ விழுந்துவிடுகிறது. அடுத்த சொல்லாகிய ‘காஸ்ட்’ தன் ஈற்று ‘ஈ’யை இழக்கிறது. இப்பிழைகளால் உரிமை போய்விடாது. உரிமைக்கு ஆதாரம் வட்டாட்சியர் வழங்கும் சான்றிதழே. ஆயினும் தன் பெயரையே தவறாக எழுதுபவரை உலகம் எவ்வாறு நோக்கும் என்பதனைச் சொல்லவும் வேண்டுமோ?

சரியான எழுத்துக்கள் இவை: எஸ், சி, எச், ஈ, டி, யூ, எல், ஈ, டி. மொத்தம் ஒன்பது. நடுவிலும் ஈற்றிலும் நிற்கும் ‘டி’, ‘டாக்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. இச்சொல்லின் முதல் மூன்றெழுத்தும் ‘ஸ்கூல்’ என்னும் சொல்லின் முதல் மூன்றெழுத்தும் ஒன்றே. ஸ்கூல் என்று எழுதத் தெரிந்த கை, ஷெட்யூல் என்று தொடங்குவதில் தவற வேண்டியதில்லை. பள்ளியில் தொடங்கி டாக்டரில் முடியும் சொல் என்று நினைவிற் கொள்ளுங்கள்.

பிழை நேர்வதற்குக் காரணம் நம் அறியாமை மட்டுமன்று. அச்சொல்லின் வரலாறும் ஒரு காரணமாகும். பாப்பிரசுத் தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து, ‘சிறு தாள் துண்டு’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் பிறந்தது. அது பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. ஆங்கிலேயரே தொடக்கத்தில் அதனைப் பலவாறு எழுதினர்; பின்னரே இலத்தீன் மூலத்தைப் பின்பற்றி இன்றைய எழுத்து நிலைபெற்றது. ஒலிப்பிலோ இன்றும் ஒற்றுமை இல்லை. இங்கிலாந்தில் ‘ஷெட்யூல்’ என்பர். அமெரிக்காவில் ‘ஸ்கெஜூல்’ என்பர். இரண்டும் சரியே. ஒலி இரண்டாயினும் எழுத்து ஒன்றே.

இனி ஈற்று ‘டி’யைக் காண்போம். ‘ஷெட்யூல்’ என்பது பெயர்ச்சொல். அட்டவணை என்று பொருள். ‘ஷெட்யூல்டு’ என்பது அட்டவணையில் சேர்க்கப்பட்ட என்று பொருள்தரும் அடைமொழி. தமிழில் ‘வேகவைத்த கிழங்கு’ என்போமேயன்றி ‘வேகவை கிழங்கு’ என்னோம். ஆங்கிலத்தில் அப் பெயரெச்சத்தின் வேலையை ஈற்று ‘டி’ செய்கிறது. புழுங்கலரிசி ‘பாயில்டு ரைஸ்’ ஆகும். ‘பாயில் ரைஸ்’ ஆகாது. சான்றொப்பமிட்ட படி ‘அட்டெஸ்டட் காப்பி’ ஆகும். ‘அட்டெஸ்ட் காப்பி’ ஆகாது. பேச்சில் ‘ஷெட்யூல்டு’ என்பதையடுத்துக் ‘கா’ என்னும் ஒலி வருதலால் இடைப்பட்ட ‘டு’ நாவில் அமுங்கிவிடுகிறது. காதில் விழாத எழுத்தைக் கையும் விட்டுவிடுகிறது. மருந்துப் பட்டையில் ‘ஷெட்யூல் எச்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே ‘டி’ இல்லாதது சரியே. ஏனெனில் அது அட்டவணையின் பெயர். நம்மைக் குறிக்கும் தொடரிலோ ‘டி’ இல்லையேல் பொருளே இல்லை.

‘காஸ்ட்’ என்பதன் எழுத்துக்கள் சி, ஏ, எஸ், டி, ஈ. இங்கு வரும் ‘டி’, ‘டீச்சர்’ என்பதன் முதலெழுத்து. குலம், வமிசம் என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது இது. ஈற்று ‘ஈ’யை விட்டுவிட்டால் எறிதல், வார்த்தல் எனப் பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். நூற்றாண்டுக் கணக்கில் எறியப்பட்ட மக்கள், தம் கையாலேயே அவ்வாறு எழுதிக்கொள்ள வேண்டுமோ?

இவ்வடைமொழி நமக்கு எவ்வாறு வந்தது என்பதனை இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதற்குமுன் நம்மை ‘டிப்ரெஸ்ட் கிளாசஸ்’ என்றனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்று பொருள். 1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ஹட்டன் ‘புறச்சாதிகள்’ என்றார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனாரும் 1931 இல் இணைந்தளித்த குறிப்பில், அப்பெயரை மாற்றவேண்டும் என்று கேட்டனர். அந்த அவையில், உரிமைகளோடு பெயரையும் ஒரு கோரிக்கையாக அவர்கள் வைத்தனர் என்பது நினைவிற்குரியது. 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’ என்னும் தொடரை வழங்கியது. 1936 இல் சாதிகளின் அட்டவணை ஆணையாக வெளிவந்தது. அதே 1936 இல்தான் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூலையும் வெளியிட்டார். அரசியலமைப்பின் 341 ஆம் பிரிவின்படி, இன்று நடைமுறையிலுள்ள ஆணையைக் குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்டு 10 ஆம் நாள் பிறப்பித்தார்.

இரண்டு அடைமொழிகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ‘டிப்ரெஸ்ட்’ என்பது சமுதாயம் நமக்குச் செய்த தீங்கைச் சொல்கிறது. ‘ஷெட்யூல்டு’ என்பதோ அத்தீங்கிற்கு ஈடு செய்யச் சட்டம் மேற்கொண்ட கடமையைச் சொல்கிறது. நம் அறிவைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ தகுதியைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஏட்டில் பெயர் எழுதப்பட்டுள்ளது என்கிறது, அவ்வளவே. கடன்பட்டவர் ஏட்டிலன்று, கடன் வரவேண்டியவர் ஏட்டில்.

அன்பிற்குரிய இளைஞர்களே! இதே அடைமொழி வேறு யாருக்கெல்லாம் வழங்குகிறது என்பதனையும் காணுங்கள். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருபத்திரண்டு மொழிகள் இடம்பெற்றுள்ளன. அவை ‘ஷெட்யூல்டு மொழிகள்’ எனப்படும். நம் தாய்த்தமிழும் அவற்றுள் ஒன்று! 1934 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள வங்கிகள் ‘ஷெட்யூல்டு வங்கிகள்’ எனப்படும். நாம் பணம் போட்டு வைத்திருக்கும் அரசுடைமை வங்கிகள் அவ்வகையினவே. அவ்வங்கிகள் அச்சொல்லைக் குறித்து நாணியதுண்டோ? நம்பத்தக்கன என்பதற்கு அதனையே சான்றாகக் காட்டுகின்றன. மொழிக்கு மதிப்பும் வங்கிக்கு நம்பிக்கையும் தரும் சொல், மனிதரிடம் வரும்போது மட்டும் ஏன் தலைகுனிவு ஆகவேண்டும்? குறை சொல்லில் இல்லை. பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகக் கூற விழைகிறோம். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும்போது, தன் பெயருக்கு எழுந்து நிற்கக் கூசும் பிள்ளைகளை நாம் அறிவோம். படிவத்தில் அக்கட்டத்தை விரைந்து கடந்து, ‘எஸ்.சி.’ என்று இரண்டெழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுத்த கட்டத்திற்குச் செல்லும் கைகளையும் அறிவோம். அச்சொல்லை எழுத்துக்கூட்டித் தெளிவாக எழுத இயலாமற்போவதற்குப் பெருங்காரணம் இதுவே. கூசிக் கண்ணை மூடிக்கொள்ளும் சொல்லின் எழுத்துக்கள் மனத்தில் எவ்வாறு பதியும்? ஆகவே, பிழையற எழுதுதல் என்பது இலக்கணப் பாடம் மட்டுமன்று. நிமிர்ந்து நோக்கும் பாடமும் ஆகும்.

நம் முன்னோர் நிமிர்ந்தே நோக்கினர். இரட்டைமலை சீனிவாசனார் 1893 இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பிறர் இழிவாக வழங்கிய சொல்லைத் தம் இதழின் முகப்பில் ஏற்றினார். அம்பேத்கர் 1942 இல் நிறுவிய அமைப்பிற்கு ‘அகில இந்திய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன்’ என்று பெயர். அதன் தலைவராக வீற்றிருந்தவர் சென்னையைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் என். சிவராஜ். சாதியை ஒழிக்க வந்தவர்களே, ஒழியும் நாள்வரை உரிமைக்குரிய சொல்லைக் கொடியில் எழுதினர். எழுதப் படிக்கும் அறிவை நம் மாவட்டத்தவர்க்கு ஊட்டுதற்கென்றே சுவாமி சகஜானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்.

வழங்கும் முறையையும் கூறிவிடுகிறோம். தனி ஒருவர் தம்மைக் குறிக்கும்போது ‘ஐ பிலாங் டு எ ஷெட்யூல்டு காஸ்ட்’ என்று எழுதுக. ‘ஐ ஆம் பிலாங்கிங்’ என்று எழுதற்க. அவ்வினை நிகழ்காலத் தொடர்வடிவில் இவ்விடத்து வாராது. சாதிகள் அனைத்தையும் சேர்த்துச் சொல்லும்போது பன்மை ‘எஸ்’, ‘காஸ்ட்’ என்பதன் ஈற்றில் சேரும், அடைமொழியில் சேராது. சட்டப் பெயராக வருதலின் இரு சொற்களின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருத்தல் வேண்டும்.

பொதுச் சொல்லில் நேரும் பிழையினும், அட்டவணையிலுள்ள சாதிப் பெயரில் நேரும் பிழை கொடிது. அப்பெயர்கள் ஆணையில் எவ்வாறு அச்சாகியுள்ளனவோ அவ்வாறே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் உறுதி செய்தது. அட்டவணையில் சேர்க்கவும் நீக்கவும் நாடாளுமன்றத்திற்கே அதிகாரம் உண்டு. மகாராட்டிரத்தில் ‘தங்கர்’ வகுப்பினர், பழங்குடிப் பட்டியலில் காணும் ‘தங்கட்’ என்பது தம் பெயரின் எழுத்துப் பிழையே என்று நெடுங்காலம் வாதாடினர். ஈற்றெழுத்து ஒன்றே வேறுபாடு. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. சத்தீசுகரில் சில பழங்குடிப் பெயர்களின் மாற்றெழுத்து வடிவங்களைப் பட்டியலில் சேர்க்க, 2023 இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஓரெழுத்தின் விலை எவ்வளவு என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

நம் மாநிலப் பட்டியலில் ‘ஆதி திராவிட’ என்பது ஓர் இனம். ‘பறையன்’ என்பது மற்றோர் இனம். வீட்டில் ‘ஆர்’ ஈறு சேர்த்து மதிப்போடு வழங்குகிறோம், அது முறையே. சட்டத்திலும் அவ்வாறே மாறவேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. அம்மாற்றம் வரும்வரை, சான்றிதழில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுக. தாயின் சான்றிதழும் பிள்ளையின் சான்றிதழும் ஒத்துள்ளனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிழை காணின், வேலைக்கு அழைப்பு வரும்வரை காத்திராது உடனே திருத்தம் கோருங்கள்.

இச்சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தின் சுவரில் அவ்வொன்பது எழுத்துக்களையும் பெரிதாக எழுதி வைப்போம். அருகே அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பதனையும் எழுதுவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் அச்சொல்லை எழுதவும், அதன் பொருளைத் தமிழில் விளக்கவும் கற்றுத் தருவோம். சாதியும் அட்டவணையும் தேவையற்றுப் போகும் நாள் ஒன்று வரவேண்டும். அந்நாளுக்காகவே நாம் கற்கிறோம். அதுவரை அச்சொல்லை ஓரெழுத்தும் குறையாமல், தலையும் குனியாமல் எழுதுவோம்.

கல்வி ஓங்குக! சங்கம் பொன்விழாக் காண்க!