முகம் இல்லாத மனிதர்



நெசவாளர்களுக்கென்று 1734-இல் உருவானது சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை. கூவம் ஆற்றின் வளைவுக்குள் நெருங்கி நிற்கும் தெருக்கள். புதிய முகம் ஒன்று நுழைந்தால், "யார் வீட்டுக்குப் போகணும்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்கே இடம் தராமல் நடந்து போகக்கூடிய ஒருவரைத் திருவள்ளுவர் படைத்திருக்கிறார். திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடலில் வரும் ஒற்றர் அவர்.

பத்துக் குறள்களிலும் அவருக்குப் பெயர் கிடையாது. உயரமா, கறுப்பா, இளைஞரா என்று ஒரு சொல்கூட இல்லை. பார்த்தவர் ஐயப்படாத தோற்றம், உற்றுப் பார்த்தாலும் அஞ்சாத நெஞ்சு, எது நேர்ந்தாலும் திறக்காத வாய்; 585-ஆம் குறள் இவ்வளவுதான் காட்டுகிறது. அடுத்த குறளில் துறவி வேடத்தில், நுழைய முடியாத இடத்திலும் நுழைகிறார். பிடிபட்டு வதைபட்டாலும் தளர்வதில்லை. அடையாளங்களை ஒவ்வொன்றாக நீக்கி நீக்கியே வள்ளுவர் இந்த மர்ம மனிதருக்கு உயிர் கொடுத்துவிடுகிறார்!

இவர் யாரை வேவு பார்க்கிறார்? பகைவரை மட்டுமல்ல. அரசனிடம் வேலை செய்பவர், அரசனின் சுற்றத்தார் எல்லோரையும்தான். ஆனால் வள்ளுவர் இவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அது செய்தி. இத்தனை பாடுபட்டவருக்கு ஊரறியச் சிறப்புச் செய்யவும் கூடாது. செய்தால் மறைவு வெளிப்பட்டுவிடும். வேலை முடிந்த பிறகும் அவர் யாரோ ஒருவராகவே இருந்தாக வேண்டும். என்னை மிகவும் வருத்தும் இடம் இது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் துறவி வேட ஒற்றர்கள் உண்டு, மூவர் சொல் ஒத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் அங்கே நஞ்சு வைப்பவர்களும் கொலைக்குத் துணிந்தவர்களும் ஒற்றர் கூட்டத்தில் சேர்த்தி. வள்ளுவரின் ஒற்றர் பார்க்கிறார், கேட்கிறார், வந்து சொல்கிறார். கொல்வதில்லை. இந்த எல்லையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒற்றாடலுக்கு முந்தைய அதிகாரம் எது தெரியுமா? கண்ணோட்டம். பிறர்மீது இரக்கம் கொள்ளும் கண்ணைப் பற்றிப் பேசி முடித்த பிறகே, வேவு பார்க்கும் கண்ணுக்கு வருகிறார் வள்ளுவர்.

நேயர்களே, இன்றிரவு இந்த இரண்டு அதிகாரங்களையும் இதே வரிசையில் சேர்த்துப் படித்துப் பாருங்கள். இருபதே குறள்கள்தான்.