குடித்தவன் ஓட்டினான், அடிபட்டது நம் வீட்டுப் பிள்ளை
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தர்மபுரியிலும் திருவண்ணாமலையிலும் மழை பொய்த்து, மண்வெட்டியும் சட்டியுமாக இந்தப் பெங்களூருக்கு வந்தவர்கள் நாம். இந்த ஊரின் மேம்பாலங்களைக் கட்டியவர்கள் நாம். இரவில் நாம் படுப்பதோ அதே சாலையோரத்துத் தகரக் கொட்டகையில். ஆகவே, குடித்துவிட்டு ஓட்டுகிறவனின் சக்கரம் முதலில் தேடி வருவது நம்மைத்தான்.

2006 நவம்பர் 12, அதிகாலை. பம்பாய் பாந்த்ராவில் கார்ட்டர் ரோடு. சாலை வேலைக்கு வந்த தொழிலாளிகள் நடைபாதைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் ஏறிப் பாய்ந்தது. 7 பேர் செத்தார்கள். 8 பேர் அடிபட்டார்கள். ஓட்டியவன் ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 112 மில்லி கிராம் மது. சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவு 30. கீழ்க்கோர்ட்டு கொடுத்தது 6 மாதம். உயர்நீதிமன்றம் அதை 3 ஆண்டாக்கியது. அலிஸ்டர் பெரேரா வழக்கு என்று பேர் பெற்ற இந்த வழக்கில், 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தண்டனை போதாது என்று சொல்லியது; ஆனால் மகாராஷ்டிர அரசு மேல்முறையீடு செய்யாததால் கூட்டவில்லை. ஏழைக்காக மேல்முறையீடு செய்ய அரசுக்கு நேரம் ஏது?

அவனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு அரசுடையது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி, குடித்து ஓட்டி முதல்முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். கால் முறிந்தவனுக்கு அதில் ஒரு காசும் வராது. நமக்கானது நஷ்ட ஈட்டு வழக்கு. அதே சட்டத்தின் 166ஆம் பிரிவில், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நாமே போட வேண்டும். பெங்களூரில் ஸ்மால் காசஸ் கோர்ட்டுதான் அந்தத் தீர்ப்பாயம். அடிபட்டவனை ஊருக்குக் கொண்டுபோய்விட்டீர்களா? கவலை வேண்டாம், குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அங்கே குடித்தான் என்று நாம் நிரூபித்தாக வேண்டியதில்லை. அஜாக்கிரதையாக ஓட்டினான் என்பது போதும். "டிரைவர் குடித்திருந்தான், நாங்கள் கட்டமாட்டோம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும். கேரள உயர்நீதிமன்றம் 2023இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: அடிபட்ட மூன்றாம் ஆளுக்குக் கம்பெனி முதலில் கொடுக்க வேண்டும், பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் என்று 164ஆம் பிரிவுத் தொகையை நீட்டலாம். யார் குற்றம் என்று கேட்காமல் தரும் பணம்தான். ஆனால் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாய வழக்கு அதோடு போயிற்று. வக்கீலைக் கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

அடுத்து, "சம்பளச் சீட்டு எங்கே?" என்பார்கள். கூலிக்காரனுக்குச் சீட்டு ஏது? 2011இல் இதே கர்நாடகத்தின் கூலித் தொழிலாளி ராமச்சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. 2004இல் மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்தேன் என்றார் அவர். கீழே 3,000 என்று வெட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 4,500 என்பதை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2010இல், ராஜ்குமார் வழக்கில் இன்னொன்று: டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் வரும் நஷ்டம் வேறு. ஒரு கை போனால் குமாஸ்தா வேலை பார்க்கலாம், தச்சனால் முடியுமா? கம்பி கட்டுகிறவன், சித்தாள், மேஸ்திரி எல்லோரும் தங்கள் வேலை இன்னதென்று கோர்ட்டில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் நிற்பது முதல் நாள் காகிதத்தின் மேல். ஆஸ்பத்திரியில் பயத்தில் "தானே விழுந்தான்" என்று எழுத விடாதீர்கள். எந்த வண்டி, எந்த இடம் என்று சொல்லி எழுத வையுங்கள். மது ரத்தத்தில் நேரமாக ஆகக் குறையும்; ஆகவே டிரைவருக்கு உடனே பரிசோதனை நடந்ததா என்று டிராபிக் போலீசில் கேளுங்கள். எப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருக்கும், படித்துக் காட்டச் சொல்லி, நகலை இலவசமாக வாங்குங்கள். 2025 மே மாதத்திலிருந்து, விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. அட்வான்ஸ் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

இடித்துவிட்டு ஓடிப்போய், வண்டி இன்னதென்றே தெரியவில்லையானால், அரசுத் திட்டத்தில் படுகாயத்துக்கு 50,000, உயிர் போனால் 2 லட்சம். சாலை வேலையில் இருக்கும்போதே அடிபட்டால் முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். எதில் கூடக் கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

வார்டு வாசலில் "பாதிக்குப் பாதி" பேசும் புரோக்கர்கள் நிற்பார்கள். அவர்களை விட்டு, சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்திலுள்ள மாநிலச் சட்டப்பணி ஆணையத்துக்குப் போங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீல் இலவசம். எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து பில், ஆதார் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்களோடு சங்கத்திலிருந்து ஆள் வரும்.