ஆய்வும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

இவ்வெச்சரிக்கை வணிகருக்கு மட்டும் உரியதன்று. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலில் 1984-இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நம் பெண்மக்கள் முனைவர் பட்டம் வரை பயில முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் எங்கு எழுதப்பட்டாலும் ஆய்வேடும் ஒரு தானியக் குவியலே. மேலே அழகிய அட்டையும், உள்ளே பிறருடைய எழுத்தும், அளக்காமலே எழுதிய அளவுகளும் இருந்தால் அதுவும் ஈரத்தை மறைத்த மோசடியே.

அதே கொடைக்கானலில் 1899-இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடத்தைச் சிந்தியுங்கள். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுக்கு முன் அங்கே கண்ணாடித் தகடுகளில் பதித்த சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, உலக அறிஞர்களுக்குப் பயன்படுகின்றன. மேகம் மூடிய ஒரு நாளில், பழைய படத்தையே தேதி மாற்றி வைத்திருந்தால் அன்று எவருக்கும் தெரிந்திராது. ஆனால் இன்று ஆராய்பவர் ஏமாந்திருப்பார். தாம் காணப்போகாத தலைமுறைக்கும் செலுத்த வேண்டிய அமானிதமே உண்மை!

பயன்தரும் கல்வி, மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் என்பது நபிமொழி. அவ்வாறெனில், பொய்யான ஆய்வை நம்பி ஒரு மருந்தோ பாலமோ உருவானால் அதன் பாவம் யாரைச் சேரும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் மாணவரின் பதிவே இரத்தாகும். கணினி களவாடிய எழுத்தைக் காட்டிக்கொடுக்கலாம். காசு கொடுத்து எழுதி வாங்கியதை அது அறியாதிருக்கலாம், அல்லாஹ் அறிவான்.

பெற்றோர்களே! எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் நாம், எப்படிப் பெற்றாய் என்று கேட்கிறோமா? உண்மையாக எழுதித் தோற்ற பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை எழுதலாம், பறிபோன நேர்மையை மீட்பது எளிதன்று.

வாய்மையாளர்களின் கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.