படிகத்தினுள் பொன்



ஊரில் கற்கண்டு என்றதைத் தில்லிக் கடையில் மிசிரி என்று கேட்டு வாங்குகிறோம். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. பாகில் நூலைத் தொங்கவிட்டு ஆறவிட்டால் அதில் படிகம் வளர்கிறது. பாகிலிருந்த அழுக்கோ பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது. ஒரே வகை மூலக்கூறுகள் வரிசை பிறழாது அடுக்கி நிற்பதே படிகம். அவ்வரிசையில் அயற்பொருளுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஒரு பொருளைத் தூய்மை செய்ய வேதியியலார் அதனைப் படிகமாக்குவதும் இதனாலேதான்.

அங்ஙனமாயின், வளரும் படிகத்தினுள் பொன் துகளைக் குடியேற்றுதல் இயலுமா?

இயலும் என்பதற்குக் கடல் முள்ளெலி வழிகாட்டிற்று. கால்சைட் என்னும் சுண்ணப் பொருளால் ஆன அதன் முள், எக்ஸ் கதிரில் ஒரே படிகம் போலத் தோன்றுகிறது. ஆயினும் அதனுள் சிறிதளவு புரதம் பொதிந்துள்ளது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பியோனா மெல்ட்ரம் அம்மையாரும் ஷெபீல்டு பல்கலைக்கழகத்து ஸ்டீவன் ஆர்ம்ஸ் அவர்களும் தம் குழுவினருடன் இவ்வழியைப் பின்பற்றினர். மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். அத்தகைய நானோமீட்டர் சில அளவேயான பொன் துகளுக்குப் பாலிமர் உறை ஒன்றை இட்டனர். அவ்வுறையிலுள்ள அமிலத் தொகுதிகள் கால்சியத்தைப் பற்றிக்கொள்வன. கால்சியம் குளோரைடுக் கரைசலில் இத்துகள்களை இட்டு, அருகில் அம்மோனியம் கார்பனேட்டுத் தூளை வைத்து மூடிவிட்டால், அதிலிருந்து எழும் ஆவி கரைசலிற் கலந்து கால்சைட் வளரத் தொடங்கும். படிகத்தின் முகப்பில் துகள் ஒட்டிக்கொள்ள, அடுத்த அடுக்கு அதனை மூடிவிடுகிறது. படிகமும் ஒரே படிகமாகவே நிற்கிறது!

நுண்ணிய பொன் மஞ்சளாயிராது, சிவந்து தோன்றும். 1857-இல் பாரடே இதனை ஆராய்ந்து உரைத்தார். ஆகவே வெள்ளைச் சுண்ணப் படிகம், சூளையிற் சுடப்படாமலேயே நிறம் பெறுகிறது. தனித்திருந்தால் ஒன்றோடொன்று திரண்டுவிடும் துகள்களும் அங்கே விலகி விலகி நிலைக்கின்றன.

இப்பொருளுக்குத் தமிழ்ச்சொல் தேடியபோது நாம் முதலில் 'கலப்படம்' என்று எழுதி, உடனே அடித்துவிட்டோம். கலப்படம் பாலில் நீர் சேர்ப்பவன் செயல். இங்கோ அறிந்தே இடம் தரப்படுகிறது. 'உட்பொதி படிகம்' என்பது ஒருவாறு பொருந்தலாம்.

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளன. கால்சைட்டுக்கு இசைந்த உறை வேறொரு படிகத்துக்கு இசையும் என்ற உறுதியில்லை. அதற்கேற்ற உறையைத் தனியே தேட வேண்டியிருக்கிறது.